முன்பல் உடைந்தால்: பாண்டிங், வெனீர், கேப் ஆகியவற்றுள் எதைத் தேர்வது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துக் குடும்பங்களில், முன்பல் உடைந்த பிள்ளையைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போவது பெரும்பாலும் கல்யாணத் தேதி குறித்த பிறகுதான் நடக்கிறது. பள்ளி நாளில் சைக்கிளிலிருந்து விழுந்து சிதைந்த பல் ஓரத்தோடு பத்துப் பதினைந்து ஆண்டுகள் குறையின்றிச் சாப்பிட்டுச் சிரித்து வாழ்ந்தவர்களுக்கு, படம் எடுக்கும் நாள் நெருங்கும்போது அந்தச் சிறு சிதைவு பெரிதாகத் தெரியத் தொடங்குகிறது. தமக்குக் கடைவாய்ப் பல்லில் போட்ட கேப் (பல் முழுவதையும் மூடும் உறை) நன்றாக இருப்பதை நினைத்து வீட்டில் மூத்த ஆச்சி, "கேப்பைப் போட்டு விட்டுருங்க, காலத்துக்கும் நிக்கும்" என்பார். சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர், பல்லின் முகத்தில் தகடு ஒட்டும் வெனீர் என்பார். மருத்துவர், உடைந்த இடத்தைப் பல் நிறப் பசையால் நிரப்பும் பாண்டிங் போதும் என்று சொல்லக்கூடும். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு என்றாலும், மூன்று சிகிச்சைகளும் ஒரே அளவுச் சேதத்துக்கு உரியவை அல்ல என்பதையும், அவற்றுள் சிலவற்றிலிருந்து திரும்பி வரவே வழி கிடையாது என்பதையும் தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பீட்டை விலையிலிருந்தோ பளபளப்பிலிருந்தோ தொடங்கக்கூடாது. சொந்தப் பல்லில் எவ்வளவு செதுக்கி எடுக்கப்படும் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். பல்லின் மேலுறையான எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதை உருவாக்கும் உயிரணுக்கள் பல் ஈறைக் கிழித்து வெளியே வருவதற்குள்ளாகவே மறைந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும், எனாமலோ இழந்தால் இழந்ததுதான். ஆகவே, அழகுக்காகச் செய்யும் சிகிச்சை எதுவாயினும், அது தரும் அழகை அது எடுத்துக்கொள்ளும் எனாமலோடு சேர்த்தே நிறுக்க வேண்டும்.

அந்த நிறுவையில் மூன்று சிகிச்சைகளும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. பாண்டிங்கில் உடைந்த ஓரத்தைச் சற்றே சரிவாகத் தேய்ப்பார்கள். பல நேரங்களில் அதுவும் தேவைப்படாது. வெனீருக்குப் பல்லின் முன்முகத்திலிருந்து வழக்கமாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை எடுக்கிறார்கள். முழு கேப் போடுவதற்குப் பல்லின் எல்லாப் பக்கங்களிலும், பொருளைப் பொறுத்து, 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை குறைத்து அதை ஒரு முளை போலாக்க வேண்டியிருக்கிறது. 2002ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் பற்களைச் செதுக்குவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தபோது, முன்பல்லில் முழு கேப்புக்காக வெளியே தெரியும் பகுதியில் ஏறத்தாழ 63 முதல் 72 சதவீதம் வரை நீங்கியது. வெனீருக்கு, அதன் வடிவத்தைப் பொறுத்து, 3 முதல் 30 சதவீதம் நீங்கியது. பல்லின் ஒரு மூலை மட்டும் உடைந்திருக்க, மீதமுள்ள நல்ல பல்லில் மூன்றில் இரண்டு பங்கைச் செதுக்கித் தள்ளுவது, பட்டாசாலைத் தூண் ஒன்றில் விரிசல் கண்டதற்காக வளவு வீட்டையே பிரித்துப் போடுவதற்கு ஒப்பாகும்.

இனி பாண்டிங். இதில் பயன்படும் காம்போசிட் என்பது பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்த, பல் நிறத்திலான பசை. அது பல்லில் ஒட்டி நிற்பதற்குக் காரணம் வெறும் கோந்துத் தன்மை இல்லை. 1955ஆம் ஆண்டு மைக்கேல் புவனகோர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர், உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவதைக் கவனித்து, அதே அமிலத்தை எனாமலில் தடவிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் எனாமலில் உண்டாயின; பிசின் அக்குழிகளுக்குள் இறங்கி இறுகியபோது பிடிப்பு பன்மடங்கு கூடியது. 1962இல் ரஃபேல் போவன் உருவாக்கிய பிசின், இன்றைய காம்போசிட்டுக்கு அடித்தளமாயிற்று. இன்றும் நடைமுறை அதுவே. ஏறக்குறைய 37 சதவீதச் செறிவுள்ள பாஸ்பாரிக் அமிலக் களிம்பை 15 முதல் 30 விநாடி தடவி, கழுவி உலர்த்தி, ஒட்டுத் திரவம் பூசி, காம்போசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுக வைத்து, முடிவில் வடிவம் திருத்தி மெருகேற்றுகிறார்கள். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி தேவைப்படுவதில்லை. ஒரு பல்லுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

இந்த வேதியியலிலிருந்தே பாண்டிங்கின் பலமும் பலவீனமும் புலப்படும். உடைவு எனாமலுக்குள் நிற்கும்போதும், சுற்றிலும் போதிய எனாமல் விளிம்பு இருக்கும்போதும் பிடிப்பு உறுதியாக இருக்கும். எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் ஈரமும் நார்ப்பொருளும் நிறைந்தது. அதில் ஒட்டும் பிசின் காலப்போக்கில் தளர்கிறது. அமிலம் தடவிய பல்லில் ஒரு துளி எச்சிலோ ஈறிலிருந்து கசியும் இரத்தமோ பட்டுவிட்டால், அன்று பார்க்க அழகாக இருக்கும் பல் சில மாதங்களில் ஓரம் பெயரும். ஆகவே, பாண்டிங்கின் ஆயுளைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது பொருளின் பெயரைக் காட்டிலும், அந்த ஒரு மணி நேரம் பல்லை உலர்வாக வைத்திருக்கும் மருத்துவரின் பொறுமையே. பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பைக் கட்டி வேலை செய்பவரானால், நல்ல கையில் இருக்கிறோம் என்று கொள்ளலாம். இன்னோர் அடையாளமும் உண்டு. பல்லை உலர்த்தியதும் அது தற்காலிகமாக வெளுத்துத் தோன்றும் என்பதால், கவனமுள்ள மருத்துவர் நிறத்தை முதலிலேயே, பல் ஈரமாக இருக்கும்போதே பார்த்துக் குறித்துக்கொள்வார்.

பாண்டிங்கின் குறைகளை மறைக்கத் தேவையில்லை. நன்றாகச் செய்யப்பட்டால் பொதுவாக 4 முதல் 8 ஆண்டுகள் வரை நிற்கும். அதற்குள் மெருகு மங்கலாம், ஓரத்தில் பழுப்புக் கோடு விழலாம், சிறு சில்லு பெயரலாம். காம்போசிட் கறை பிடிக்கும் பொருள். காப்பி, தேநீர், புகையிலை ஆகியவற்றோடு மஞ்சளும் அதில் நன்றாகவே ஏறும் என்பதை, மசாலா அரைத்துச் சமைக்கும் நம் வீடுகளில் நினைவில் வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் மஞ்சள் சேர்ந்த குழம்பையும் காப்பியையும் தவிர்க்கச் சொல்வதும், சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்வதும், ஆண்டுக்கு ஒரு முறை மெருகூட்டச் சொல்வதும் இதனால்தான். முன்பல்லால் கடிக்கும் பழக்கமும் மாற வேண்டும். தேன்குழலும் சீப்புச்சீடையும் கடைவாய்க்குப் போகலாம். நாட்டுக்கோழி எலும்பை முன்பல்லால் கடித்து இழுப்பது பாண்டிங்குக்கு ஆகாது. இத்தனை குறைகளுக்கும் எதிரே ஒரு பெரிய அனுகூலம் நிற்கிறது: உடைந்தால் பழையதன் மீதே புதிய காம்போசிட்டை ஒட்டிச் சரிசெய்துவிடலாம்; பின்னாளில் வெனீரோ கேப்போ தேவைப்பட்டாலும் அதற்கான பல் அப்படியே இருக்கும்.

வெனீர் என்பது பல்லின் முன்முகத்தில் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் தகடு. நிறத்திலும் ஒளி ஊடுருவும் தன்மையிலும் இயற்கை எனாமலுக்கு மிக அருகில் வருவது பீங்கான்தான் என்பதில் ஐயமில்லை; மஞ்சளும் காப்பியும் அதில் ஏறுவதில்லை; 10 முதல் 15 ஆண்டுகள் நிற்பது வழக்கம், அதற்கு மேலும் நிற்பதுண்டு. ஆனால் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. வெனீரைப் பல்லோடு பிடித்து வைப்பதும் மேலே சொன்ன அதே அமில, பிசின் முறைதான். பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் சொரசொரப்பாக்கி எனாமலில் ஒட்டும் வழி 1980களின் தொடக்கத்தில் நிலைபெற்ற பிறகே இச்சிகிச்சை பரவியது. எனவே எனாமல் மிகுதியாக இழக்கப்பட்ட பல்லுக்கு வெனீரும் நம்பகமான விடையாகாது. எனாமலைச் செதுக்கிய பின் அந்தப் பல் வாழ்நாள் முழுதும் ஏதேனும் ஓர் உறையோடுதான் இருந்தாக வேண்டும். தகட்டில் விரிசல் விழுந்தால் ஒட்டுப் போட முடியாமல் முழுவதையும் மாற்ற நேரிடும்.

வெனீர் எனக்குச் சரியென்று படும் இடம் வேறு. நான்கு அல்லது ஆறு முன்பற்களில் ஒன்றாக நிறமோ வடிவமோ கெட்டிருக்கும்போது, உதாரணமாகச் சிறுவயதில் கொடுக்கப்பட்ட டெட்ராசைக்ளின் மருந்தால் பற்கள் உள்ளிருந்தே சாம்பல் பூத்திருக்கும்போது, பாண்டிங்கால் அந்த நிறத்தை மறைப்பது கடினம். பல பற்களில் ஒரே மெருகை ஆண்டுக்கணக்கில் காப்பதும் கடினம். அங்கே பீங்கான் தன் விலைக்கு வேலை செய்கிறது. ஒரே பல்லின் மூலை உடைந்ததற்குப் பக்கத்திலுள்ள நல்ல பற்களையும் சேர்த்து "ஒரே மாதிரி இருக்கட்டும்" என்று வெனீர் போடச் சொன்னால், தயங்காமல் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

கேப்பைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. பல்லின் பாதிக்கு மேல் போய்விட்டபோது, பெரிய சொத்தையும் பழைய சிமெண்டுமாகச் சுவர்கள் மெலிந்துவிட்டபோது, வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்த கடைவாய்ப் பல் பிளந்துபோகும் நிலையில் இருக்கும்போது கேப்தான் பல்லைக் காப்பாற்றும். ஆச்சியின் கடைவாய்க் கேப் நன்றாக இருப்பதற்குக் காரணம், அது வேண்டிய இடத்தில் போடப்பட்டது என்பதே. வேர் சிகிச்சை செய்த பல் என்றாலே கேப் என்ற எண்ணம் மட்டும் முன்பல்லுக்கு அப்படியே பொருந்தாது. உட்புறத்தில் சிறு துளை தவிர மற்றபடி முழுமையாக இருக்கும் முன்பல்லுக்குக் காம்போசிட்டால் அந்தத் துளையை அடைப்பதே பல நேரங்களில் போதும். பல் கறுத்திருந்தால் உள்ளிருந்தே வெளுக்க வைக்கும் முறையும் உண்டு. உயிருள்ள நல்ல பல்லைக் கேப்புக்காகச் செதுக்கும்போது உள்ளிருக்கும் நரம்புக்கு அதிர்ச்சி ஏற்பட்டு, அது பின்னாளில் செத்துப்போய் வேர் சிகிச்சையில் முடிவதும் உண்டு. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்பை முன்பல்லுக்குப் போட்டால், ஈறு சற்று இறங்கியதும் விளிம்பில் கறுப்புக் கோடு தெரியும். தவிர்க்க முடியாமல் முன்பல்லுக்குக் கேப் போடுபவர்கள் சிர்கோனியா (உலோகம் தெரியாத, உறுதியான வெள்ளைப் பொருள்) அல்லது முழுப் பீங்கானைக் கேட்டுப் பெறுவது நல்லது.

அளவும் நிறமும் பற்றிப் பேசிவிட்டுப் பலர் விட்டுவிடும் விஷயம் கடி. மேல் கீழ் முன்பற்கள் விளிம்போடு விளிம்பாக முட்டிக்கொள்பவர்களுக்கும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும், நகம் கடிப்பவர்களுக்கும் எந்த ஒட்டும் நெடுநாள் தங்காது. விழாமலே, அடிபடாமலே பல்லின் விளிம்பு தேய்ந்தும் சிதைந்தும் போயிருந்தால், பெரும்பாலும் காரணம் அதுவே. அத்தகையோர் முதலில் கடியைச் சரிபார்த்து, தேவையானால் பல் சீரமைப்புக் கம்பியோ இரவில் அணியும் காப்புத் தகடோ வைத்துக்கொண்ட பிறகே அழகுச் சிகிச்சைக்கு வர வேண்டும். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு விலை உயர்ந்த பீங்கானுக்குப் போனால், உடைவது விலை உயர்ந்ததாக இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. மருத்துவர் வண்ணத் தாளை உங்கள் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொல்லி, பக்கவாட்டில் அரைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தாரா என்பதைக் கவனியுங்கள்.

கல்யாணத்துக்காகச் செய்பவர்களுக்கு வரிசை முக்கியம். ஈறில் இரத்தம் கசியும் வாயில் பாண்டிங் செய்யக்கூடாது என்பதால் முதலில் கிளீனிங். பற்களை வெண்மையாக்கும் எண்ணம் இருந்தால் அது அடுத்தது. ஏனெனில் வெளுக்க வைக்கும் மருந்து காம்போசிட்டின் நிறத்தையோ பீங்கானின் நிறத்தையோ மாற்றாது. முதலில் பாண்டிங் செய்துவிட்டுப் பிறகு வெளுக்க வைத்தால், சுற்றிலும் வெள்ளையும் நடுவில் பழைய நிறமுமாகத் திட்டுத் தெரியும். வெளுக்க வைத்த பின் பல்லில் தங்கும் ஆக்சிஜன் பிசினை இறுகவிடாமல் தடுப்பதால், சுமார் இரண்டு வாரம் பொறுத்தே பாண்டிங் செய்ய வேண்டும். வீட்டில் தகடு வைத்து மெதுவாக வெளுக்கும் முறைக்கு இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். எல்லாவற்றையும் கூட்டினால், முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகவே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆகிறது. வெனீருக்கும் கேப்புக்கும் அளவெடுப்பு, லேப் வேலை, பொருத்துதல் என்று குறைந்தது இரண்டு அமர்வுகள் உண்டு. பொருத்திய பின் கடி உறுத்தினால் திருத்தவும் நாள் வேண்டும். பத்தே நாள் கையில் இருக்கும்போது செய்யத்தக்கது பாண்டிங் ஒன்றுதான்; அவசரத்தில் பல்லைச் செதுக்கும் முடிவை எடுக்கவே கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் தேர்வு இன்னும் எளிது. ஏழெட்டு வயதில் முளைக்கும் நிரந்தர முன்பல்லின் வேர் முழுமையடைய மேலும் இரண்டு மூன்று ஆண்டுகளாகும், நரம்பறையும் பெரிதாக இருக்கும், ஈறும் வளர்ந்துகொண்டிருக்கும். பதினெட்டு வயதுக்கு முன் அழகுக்காக மட்டும் கேப்போ வெனீரோ போடுவதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், பாண்டிங்தான் வழி. பிள்ளை விழுந்து பல் உடைந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுத்து, பாலிலோ தண்ணீரிலோ போட்டு உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள். துண்டு முழுதாக இருந்தால் அதையே பாண்டிங் முறையில் பழைய இடத்தில் ஒட்டிவிட முடியும். அதைவிட இயற்கையான நிறம் எந்தப் பொருளிலும் கிடைக்காது. உடைந்த இடத்தின் நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ, பல் ஆடினாலோ அழகைப் பற்றி யோசிக்க அது நேரமில்லை. அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்து நரம்பைக் காக்கும் சிகிச்சை தொடங்க வேண்டும்.

விருந்துக்குப் பின் தாம்பூலம் தரித்தல் நம் பக்கத்து மரியாதை. எப்போதாவது போடும் வெற்றிலையால் ஏறும் கறையைக் கிளீனிங்கில் எடுத்துவிடலாம். நாள்தோறும் பாக்கு மெல்லும் பழக்கமுள்ளவர்களுக்கு நான் அழகுச் சிகிச்சை எதையும் முதலில் பரிந்துரைக்க மாட்டேன். பாக்கு பல்லைத் தேய்க்கிறது, பாண்டிங்கைக் கறையாக்குகிறது என்பதெல்லாம் சிறிய காரணங்கள். அது வாயின் உட்தசையை இறுகச் செய்து வாய் திறக்க முடியாமல் ஆக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. காரமான குழம்பு வாயில் எரிச்சல் தந்தாலோ, வாய் முன்புபோலத் திறக்கவில்லை என்றாலோ, பல்லின் நிறத்தைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்து முதலில் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செலவில், ஒரு பல்லுக்குப் பாண்டிங் மிகக் குறைவு. பீங்கான் வெனீர் அதைப்போலப் பல மடங்கு. கேப் அதன் பொருளைப் பொறுத்து இடையிலோ வெனீருக்கு இணையாகவோ நிற்கும். பாண்டிங்கை இருபது ஆண்டுகளில் இரண்டு முதல் நான்கு முறை புதுப்பிக்க நேரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் அது பெரும்பாலும் வெனீரைத் தாண்டாது, ஏனெனில் வெனீரும் அதற்குள் ஒரு முறையாவது மாற்றப்பட நேரலாம். அழகுச் சிகிச்சைக்குக் காப்பீடு பொதுவாகக் கிடைப்பதில்லை. கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் புதுக்கோட்டையில் 2023இல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரியையும் நினைவில் கொள்ளலாம்; காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். எங்கே போனாலும் பாண்டிங்குக்குப் பல் காப்புத் துறையிலும், கேப்புக்குச் செயற்கைப் பல் துறையிலும் மேற்படிப்பு முடித்தவர் கிடைத்தால் நல்லது.

விடுமுறையில் வந்து, நான்கு பல்லையும் முடித்துக்கொண்டு மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ திரும்பும் உறவினர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சிகிச்சை முடிந்த ஒரு வாரத்துக்காவது ஊரில் இருக்கும்படி நாள் வைத்துக்கொள்ளுங்கள். கடியில் உறுத்தலோ ஓரத்தில் சொரசொரப்போ அந்த வாரத்தில்தான் தெரியவரும். புறப்படும் முன் பயன்படுத்திய காம்போசிட் அல்லது பீங்கானின் பெயர், நிற அளவுகோலில் குறித்த எண், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே ஆகியவற்றை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு கழித்து அங்கே ஒரு சில்லு பெயர்ந்தால், அந்தச் சீட்டைப் பார்த்து அங்குள்ள மருத்துவர் அதே நிறத்தில் ஒரே அமர்வில் சரிசெய்து தர முடியும்.